பன்னிரண்டு அங்குலம்

பிப்ரவரி 13, வியாழன்

விசாரணை வைக்கப் போகிறார்களாம். அதனால் இன்றிலிருந்து தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் எதையும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

கோவில்பட்டிக்கு வெளியே, நான்குவழிச் சாலையோரப் பொறியியல் கல்லூரியில், மின்துறை ஆய்வகத்தின் டெக்னீஷியன் நான். சண்முகக்கனி. பதினான்கு வருட சர்வீஸ்.

இன்று காலை பத்தரை மணிக்கு வெளியூர்ப் பார்வையாளர்கள் முன்னால் மாணவர்கள் செய்த ரேடியோ கன்ட்ரோல் விமானம் பறந்தது. கடைசி வருட மாணவி ஷம்ஸியா கீழே நின்று ஓட்டினாள். வயிற்றுக்குள் ஒரு கிலோ சுமை. ஒன்றரை நிமிடம் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று மோட்டார் நின்றது. வேலியோரம் வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்கார மாடத்தி அக்கா மேல் வந்து விழுந்தது. வலது தோளில் எலும்பு முறிவு.

மோட்டாருக்கு ஈ.எஸ்.சி. பொருத்தம் பார்த்துக் கொடுத்தது நான்தான். ஈ.எஸ்.சி. என்பது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்துகொண்டு மின்சாரத்தை அளந்து விடும். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நான் கொடுத்தது முப்பது ஆம்பியர் தாங்கும். பத்து அங்குல ப்ரொப்பெல்லர் போட்டு முழு வேகத்தில் ஓட்டினால் அந்த மோட்டார் இருபத்தொன்றுதான் இழுக்கும். பொருத்தம் சரி. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

பறப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் துறைத் தலைவர் ஞானதிரவியம் சார் வந்தார். "பெரிய ப்ரொப்பெல்லரா போட்டுருங்க, வெயிட்டோட சல்லுனு ஏறணும்" என்றார். பன்னிரண்டு அங்குலம் மாட்டப்பட்டது. ப்ரொப்பெல்லர் பெரிதானால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், ஈ.எஸ்.சி. சூடேறும். சாரிடம் நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடத்தி அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் மறுபடி போனேன். விழித்திருந்தார். வாசலோடு திரும்பிவிட்டேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 15, சனி

இட்லிக்கு மாவு அரைத்தேன். என் வீட்டுக்காரர் வேலவனின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். ஆஸ்பத்திரி. ஆரஞ்சு.

ஆய்வகத்தின் பொருள் வழங்கல் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

பிப்ரவரி 17, திங்கள்

ஞானதிரவியம் சார் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். டைப் அடித்த தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். 'மோட்டாருக்குப் பொருந்தாத ஈ.எஸ்.சி.யை நான் கவனக்குறைவாகத் தேர்ந்தெடுத்ததே விபத்துக்குக் காரணம்' என்று இருந்தது. கீழே என் பெயர். பெயருக்கு மேல் காலியிடம்.

"ஃபார்மாலிட்டிதாம்மா. ஒரு மெமோ குடுப்போம், நீங்க வருத்தம் தெரிவிப்பீங்க, முடிஞ்சது. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

"ஈ.எஸ்.சி. சரியாத்தான் சார் இருந்துச்சு. பன்னெண்டு இஞ்ச் போட்டதாலதான் போச்சு."

"எந்தப் பன்னெண்டு இஞ்ச்?"

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கண் இமைக்கவில்லை.

"பத்து இஞ்ச்தானேம்மா போட்டிருந்தது" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "பாருங்க, யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். நீங்க இல்லேன்னா ஓட்டுன பொண்ணு மேலதான் போகும். பைலட் எரர்னு எழுதிருவாங்க. ஜூன்ல வேலைக்குச் சேரப் போற பொண்ணு. யோசிங்க."

தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"யோசிச்சுட்டேன் சார். போட மாட்டேன்."

வெளியே வந்தபின் ஆய்வகத்தைத் தாண்டி கேட் வரை நடந்துவிட்டேன். சாப்பிடாததால் இருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

உடைந்த விமானத்தை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி சாரிடம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஈ.எஸ்.சி. கருகியிருக்கிறது. மோட்டார் தண்டு மொட்டையாக நிற்கிறது. ப்ரொப்பெல்லர் உடைந்திருந்தாலும் நடுத்துண்டாவது தண்டில் இருக்க வேண்டும். அளவு அச்சடித்திருப்பதே அந்த நடுத்துண்டில்தான். அதைக் காணோம். நட்டையும் காணோம். விழுந்த வேகத்தில் நட்டு தானாகக் கழன்றுகொள்ளாது. ஸ்பேனர் வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

வேலவன் மினிபஸ் ஓட்டுகிறார். சாப்பிடும்போது சொன்னேன்.

"கையெழுத்துதான? போட்டுட்டு வா. உன்னத் தூக்குலயா போடப் போறாங்க?" என்றார்.

"நான் பாத்த பொருத்தம் தப்புன்னு நானே எழுதிக் குடுக்கவா?"

"பதினாலு வருசமா அந்த ஆளு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டு, இப்ப என்ன புதுசா?"

சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

விசாரணை முடியும்வரை நான் ஆய்வகத்துக்குள் நுழையக் கூடாதாம். கடிதம் வந்துவிட்டது. பதிவேட்டை ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டார்கள். விசாரணைக் குழுவிடம்தான் கொடுப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆய்வகச் சாவியை மட்டும் கொடுத்தேன்.

மாடத்தி அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டு இன்னும் ஆறு வாரம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மத்தியானம் ஷம்ஸியா வந்தாள். கடையநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கைப்பையில் வாழைப்பழச் சீப்புக்கு அடியில் அவர்கள் அணியின் உபரி மோட்டார், அதே முப்பது ஆம்பியர் ஈ.எஸ்.சி., பேட்டரி, பத்து அங்குலமும் பன்னிரண்டு அங்குலமுமாக இரண்டு ப்ரொப்பெல்லர், ரிமோட், ரிமோட் சொல்வதை வாங்கும் ரிசீவர். பழம் அவள் அம்மா கொடுத்துவிட்டது, மற்றது தான் கொண்டுவந்தது என்றாள். அவளுக்கும் ஒரு தாள் டைப் அடித்து வைத்திருக்கிறார்களாம். 'கட்டுப்பாட்டை இழந்தது என் அனுபவக் குறைவு.'

மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டும் இரும்புக் குழாயில் ஒரு பலகையை போல்ட் போட்டு முறுக்கினோம். பலகையில் மோட்டார். என்னிடம் ஆம்பியர் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. சொந்தமாக வாங்கியது. பேட்டரி கம்பியில் அதைக் கோர்த்தேன். காய்ந்துகொண்டிருந்த போர்வையை எடுத்துவிட்டு இருவரும் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய் நின்றோம்.

பத்து அங்குலம், முழு வேகம், மூன்று நிமிடம். இருபத்தொன்று. ஈ.எஸ்.சி. மேல் விரல் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு.

பன்னிரண்டு அங்குலம். முப்பத்தாறு.

அறுபது வினாடியில் கருகல் நாற்றம் வந்தது. எண்பது வினாடியில் புகை. மோட்டார் நின்றது. கூடவே ரிசீவரின் சின்ன விளக்கும் அணைந்துபோனது. ரிசீவருக்கும், இறக்கையைத் திருப்பும் குட்டி மோட்டார்களுக்கும் மின்சாரம் கொடுப்பது இந்த ஈ.எஸ்.சி.தான். அது செத்தால் எல்லாம் சாகும். ரிமோட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் அசையாது.

ஷம்ஸியா கையிலிருந்த ரிமோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"லெஃப்ட்ல திருப்புனேன் மேடம். அந்த அக்காவப் பாத்ததும் முழுசாத் திருப்புனேன். கேக்கல. என் கைதான் நடுங்கிருச்சுன்னு பத்து நாளா நெனச்சுட்டு இருக்கேன்."

"உன் கைல ஒண்ணுமில்ல. அந்தத் தாள்ல நீயும் கையெழுத்துப் போடாத."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"மேடம், அன்னைக்கு சார்ட்ட ஆம்பியர் ஏறும்னு சொன்னேன்னு சொன்னீங்கள்ல? நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்குக் கேக்கவே இல்ல."

"மைக் செட் போட்டிருந்தாங்கள்ல" என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மைக் செட்டைப் பத்து மணிக்கே நிறுத்திவிட்டார்கள்.

பிப்ரவரி 26, புதன்

உள்ளதை எழுதுகிறேன்.

நான் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன். "சார்" என்றேன். அவர் திரும்பி, "என்னம்மா?" என்றார். பார்வையாளர்களின் கார் வாசலில் வந்து நின்றது. "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

பெட்டியிலிருந்து பன்னிரண்டு அங்குலத்தை எடுத்தது நான். தண்டில் மாட்டியது நான். ஸ்பேனர் வைத்து இறுக்கியது நான். நட்டு கழன்றுவிடக் கூடாதே என்று இரண்டு முறை இறுக்கினேன். அப்போதே மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். முப்பத்தைந்து வரும். ரெண்டு நிமிஷம்தானே, தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பொருள் எடுத்தால் பதிவேட்டில் எழுதும் பழக்கம். அன்றும் எழுதியிருக்கிறேன். '13-2, காலை 10.15, ப்ரொப்பெல்லர் 12 அங்குலம், ஒன்று, து.த. சொன்னபடி.' து.த. என்றால் துறைத் தலைவர். பக்கத்தில் என் கையெழுத்து. பன்னிரண்டு அங்குலம் மாட்டியதற்கு உலகத்திலேயே மிச்சம் இருக்கும் சாட்சி அதுதான். அதைக் காட்டினால் மாட்டியவள் யார் என்பதும் தெரிந்துவிடும். காட்டாவிட்டால் அந்தப் பெண் தலையில் விழும்.

அந்தப் பக்கத்தை இன்று நான்கு முறை பிரித்தேன். நூலால் தைத்த புத்தகம். ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்று கையோடு வரும்.

மூடி பீரோவில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மாடத்தி அக்கா வீடு. இந்த முறை உள்ளே போனேன். கட்டிலில் சாய்ந்து, இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆம்பியர், ஈ.எஸ்.சி. எல்லாம் அவருக்குப் புரியாது என்று நினைத்து, பெரிய விசிறியை மாட்டினால் அந்தப் பெட்டி கருகிவிடும் என்று சொன்னேன்.

கீரையைக் கீழே வைத்தார்.

"கருகிரும்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேதான் மாட்டுன."

"ஆமா."

"தெனமும் வந்து பழத்த வச்சுட்டு, பேசாம ஓடுனது இதுக்குத்தானா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"குனியாத. இங்க பாரு. எங்கிட்டச் சொல்லிட்டு நீ லேசாப் போயிருவ. எனக்கு இந்தக் கை மேல எந்திரிக்காதாம், டாக்டரு சொல்லிட்டாரு. பூ வச்சுக்கிடக்கூட மக தயவு வேணும். எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? விசாரிக்கிற எடத்துல சொல்லு. நானும் வருவேன். என் காது கேக்கச் சொல்லணும்."

"சொல்லுதேன்க்கா."

"நான் மட்டுந்தான் செஞ்சேன்னு சொல்லி அவர விட்டுராத. மாட்டச் சொன்னவரு பேரையும் சேத்துச் சொல்லு."

கீரையை மறுபடி எடுத்துக்கொண்டார். உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

விசாரணை.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முதல்வர், ஒரு பக்கம் கல்லூரிச் செயலாளர், இன்னொரு பக்கம் வேறொரு கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியை. ஞானதிரவியம் சார் தனி நாற்காலியில். ஷம்ஸியா சுவரோரம்.

மாடத்தி அக்கா கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு மகளோடு வந்தார். சாட்சிப் பட்டியலில் பெயர் இல்லை, உள்ளே விட முடியாது என்றார் எழுத்தர்.

"பட்டியல்ல இல்லேன்னா என்னய்யா? எம்மேலதான விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். யாரும் எழுப்பவில்லை.

முதலில் சார் பேசினார். மாட்டியிருந்தது பத்து அங்குலம், ஈ.எஸ்.சி. தேர்வில் தவறு, அல்லது ஓட்டியவரின் அனுபவக் குறைவு. நிதானமாகப் பேசினார். கேட்பவர்கள் நம்புவார்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மீட்டரில் பார்த்த கணக்கைச் சொன்னேன். பேராசிரியை குறுக்கிட்டார்.

"தரையில கட்டி வச்சு ஓட்டினா கூடுதலாத்தானே இழுக்கும்? பறக்கும்போது கொறையுமே."

"கொறையும் மேடம். ஆனா அன்னைக்குச் சுமையோட ஒன்றரை நிமிஷமும் முழு வேகத்துல ஏறிட்டே இருந்துச்சு. பத்துல ஒரு பங்கு கழிச்சாலும் முப்பத்திரண்டுக்கு மேல நிக்கும். பத்து இஞ்ச்ல எப்பிடிப் பறந்தாலும் இருபத்தொண்ணத் தாண்டாது, ஈ.எஸ்.சி. கருகவும் வழியில்ல. கருகிருக்கு."

"சரி. பன்னெண்டு இஞ்ச் மாட்டினதுக்கு என்ன ஆதாரம்?"

பதிவேட்டைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

"மாட்டுனது நான். சார் மாட்டச் சொன்னாங்க. ஆம்பியர் ஏறும்னு எனக்குத் தெரியும், சொல்லல. வாயத் தொறந்துட்டு மூடிக்கிட்டேன். ஷம்ஸியா மேல எந்தத் தப்பும் இல்ல. ஈ.எஸ்.சி. செத்த பெறகு யார் ஓட்டியிருந்தாலும் அது திரும்பியிருக்காது."

பேராசிரியை அந்த வரியை விரலால் தொட்டு இரண்டு தடவை படித்தார்.

"இது உங்களுக்கு எதிராவும் போகும். தெரியும்தானே?"

"போகட்டும் மேடம். என் பங்குக்கு நான் நிக்கேன். அவங்க பங்குக்கு அவங்க நிக்கட்டும்."

சார் எழுந்தார். "ஒரு டெக்னீஷியன் அவங்களே எழுதி வச்சுக்கிட்டதை..." என்று தொடங்கினார்.

"அப்போ தண்டுல இருந்த நட்டு எங்க சார்?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஸ்டோர் ரூம் சாவி உங்ககிட்ட மட்டுந்தான இருந்துச்சு? நட்டக் கழட்டுனது யாரு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. முதல்வரைப் பார்த்தார். முதல்வர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மாடத்தி அக்காவிடம் போய் நின்றேன்.

"கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மார்ச் 14, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. ஷம்ஸியா மேல் குற்றமில்லை. போனில் கூப்பிட்டு அழுதாள், பிறகு சிரித்தாள். ஞானதிரவியம் சார் துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கம். மாடத்தி அக்காவின் சிகிச்சை கல்லூரிப் பொறுப்பு, கட்டுப் பிரித்ததும் நாற்றுப் பண்ணையில் லேசான வேலை.

எனக்கு இரண்டு வருடம் ஊதிய உயர்வு கிடையாது. ஆய்வகத்திலிருந்து விடுதிப் பராமரிப்புக்கு மாற்றம். தண்ணீர் பம்பு, சுவிட்ச், டியூப் லைட். சரி. செய்ததற்குக் கிடைத்தது.

ஆனால் குற்றப் பட்டியலின் முதல் வரியில், 'பொருத்தமற்ற ஈ.எஸ்.சி.யைத் தேர்வு செய்தமை' என்று போட்டிருக்கிறார்கள். யாரோ பழைய தாளைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறார்கள்.

மார்ச் 15, சனி

மேல்முறையீடு எழுதினேன். வேலவன் வாங்கிப் படித்தார்.

"எல்லாரும் தண்டனையக் கொறைக்கச் சொல்லி எழுதுவாங்க. நீ என்ன, தண்டனை இருக்கட்டும், மொத வரிய எடுங்கன்னு எழுதிருக்க?"

"மாட்டுனதுக்குத் தண்டனை வாங்கிக்கிடுதேன். நான் பாத்த பொருத்தம் தப்புன்னு ஒரு எழுத்து இருக்கக் கூடாது."

"இருந்தா என்ன, யாரு படிக்கப் போறா?"

"நான் படிப்பேன்."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். சாயங்காலம் டிரிப் முடித்து வரும்போது பதிவுத் தபால் உறை வாங்கி வந்திருந்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

செயலாளர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இப்படி ஒரு அப்பீல் நான் பார்த்ததில்லம்மா" என்றார்.

திருத்திய உத்தரவு. 'முதல் வரி நீக்கப்படுகிறது. தண்டனையில் மாற்றமில்லை.' நின்றபடியே இரண்டு தடவை படித்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

விடுதி பம்பு அறையில் மூன்றாம் நாள். ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார். முழுச் சுமையில் பதினொரு ஆம்பியர் இழுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தானாக நிறுத்துவதற்கு ஸ்டார்ட்டரில் ஒரு ரிலே உண்டு. மூடியைத் திறந்து பார்த்தால், எவரோ பெரிய ரிலேயைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு குறைத்து வைத்தாலும் பதின்மூன்றுக்குக் கீழே வராது. மோட்டார் கருகும்வரை அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

காலை ஏழரைக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். பொருத்தமான ரிலே வேண்டும் என்று எழுதி, நகல் எடுத்து, அலுவலகத்தில் முத்திரை வாங்கினேன்.

எட்டு மணிக்கு வார்டன் ஆள் அனுப்பினார். எட்டரைக்கு இன்னொரு ஆள். ஒன்பதுக்கு அவரே வந்தார்.

"முந்நூறு பிள்ளைகளும்மா. குளிக்கத் தண்ணியில்ல. ஒரு பத்து நிமிஷம் போட்டு விடுங்க, டேங்க் நெறஞ்சதும் அணைச்சுருவோம். இத்தன வருஷம் ஓடலையா?"

"லாரித் தண்ணி சொல்லியாச்சு சார், வந்துட்டிருக்கு. ரிலே மாத்தாம இத நான் போட மாட்டேன்."

"நான் சொல்றேன், போடுங்க. என் பொறுப்பு."

"எழுதிக் குடுங்க சார்."

அவர் எழுதவில்லை. வராந்தாவில் பிள்ளைகள் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். வார்டன் முதல்வருக்குப் போன் போட்டுக்கொண்டே போனார்.

பதினொன்றே முக்கால். சுவிட்ச் இறங்கித்தான் இருக்கிறது. பம்பு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முதல்வரின் கார் விடுதிப் பக்கம் திரும்புவது தெரிகிறது. வரட்டும்.